மலை இல்லாத ஊருக்கு மலை சைக்கிள்: ஒரு குட்டி வரலாறும் என் உடைஞ்ச மணிக்கட்டும்

1/
போன மாசம் ஓபியில ஒரு தம்பி. வயது 38. பெருங்களத்தூர்ல வீடு, நாள் முழுக்க உட்கார்ந்து செய்யற வேலை. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4.

"மாத்திரையோட தினமும் நடங்க"ன்னு சொன்னேன். முகம் வாடிப்போச்சு.

அடுத்த வாரம் வந்தவர் போனை நீட்டினார். "டாக்டர், நடக்க போர் அடிக்குது. சின்ன வயசுல சைக்கிள்னா உயிர். இதை வாங்கலாமா?"

2/
போன்ல ஒரு சிவப்பு சைக்கிள். தடி டயர். முன்னாடி ஒரு ஷாக், சீட்டுக்குக் கீழே இன்னொரு ஷாக். ரெண்டு சக்கரத்திலும் டிஸ்க். "21 கியர்"னு பெரிய ஸ்டிக்கர். விலை மட்டும் ஆச்சரியமா குறைவு.

எனக்குச் சிரிப்பும் வரல, கோபமும் வரல. கிட்டத்தட்ட இதே மாதிரி ஒண்ணை நானும் சில வருஷம் முன்னாடி வாங்கியிருந்தேன். அது எனக்குக் கொடுத்தது ஆறு வாரம் மாவுக்கட்டு.

3/
"ஒரு நிமிஷத்துல சொல்ற விஷயம் இல்லை தம்பி, எழுதித் தர்றேன்"னு அனுப்பி வெச்சேன். அதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

"எந்த மாடல் வாங்கலாம்"னு நான் சொல்லப் போறதில்லை. மாடல் வருஷா வருஷம் மாறும். மலை சைக்கிள்ல ஒவ்வொரு பாகமும் எப்போ, ஏன் வந்துச்சுங்கற கதையைச் சொல்றேன். அது தெரிஞ்சா கடையில உங்களை யாரும் ஏமாத்த முடியாது.

4/
முதல்ல நம்ம ஊர்ல இருந்து ஆரம்பிப்போம்.

எங்க அப்பா ரயில்வேயில வேலை. எண்பதுகள்ல மாடம்பாக்கத்துல இருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் தினமும் கறுப்பு சைக்கிள். அப்போ பாதி வழி மண் ரோடு. ஏரிக்கரை, வரப்பு, மழை பெஞ்சா முழங்கால் சேறு. பின்னாடி கேரியர்ல அரிசி மூட்டை, முன்னாடி பார்ல நான்.

இன்னிக்கு இதுக்குப் பேர் "டிரெயில் ரைடிங்". அப்போ இதுக்குப் பேர் "வேலைக்குப் போறது".

5/
அந்தக் கறுப்பு சைக்கிளைச் சாதாரணமா நினைக்காதீங்க.

அதோட டயர் 28 x 1½ அங்குலம். அது உட்கார்ற ரிம்மோட விட்டம் 635 மில்லிமீட்டர். இன்னிக்குக் கடையில "29 இன்ச், பெரிய வீல் சார், மேடு பள்ளம் தெரியாது"ன்னு விக்கறாங்களே, அந்த ரிம் 622 மில்லிமீட்டர்தான்.

அதாவது எங்க அப்பாவோட ரிம் இன்னிக்கு இருக்கற 29-ஐ விடப் பெரிசு! வித்தியாசம் டயர் தடிமன்ல. அதைப் பிறகு பார்ப்போம்.

6/
இந்த சைக்கிள் எங்கிருந்து வந்தது?

1949-ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பிச்சாங்க. இடம் சென்னை அம்பத்தூர். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். 1951-ல சோனிபட்ல அட்லஸ், 1956-ல லூதியானாவுல ஹீரோ. அந்தப் பத்து வருஷத்துலதான் இந்தியா சொந்தமா சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சது.

7/
தமிழ்நாட்டுல சைக்கிள் வெறும் வண்டி இல்லை.

1991-92-ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம். அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோட சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கத்துக் கொடுத்தாங்க. 1992 மகளிர் தினத்துல ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டின சைக்கிள்ல ஊர்வலம் போனாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினதால உலகத்துக்கே தெரிஞ்சுது.

8/
அந்தக் கதையில எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம். லேடீஸ் சைக்கிள் கடையில தீர்ந்து போனதும் நிறைய பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க. சிலர் அதையே விரும்பியும் வாங்கினாங்க. ஏன்? முன்னாடி பார் இருக்கு, அதுல குழந்தையை உட்கார வெக்கலாம்!

சைக்கிள் தேர்வுக்கு இதுதான் முதல் பாடம். பேரைப் பார்த்தோ கலரைப் பார்த்தோ இல்லை. "எனக்கு இது எதுக்கு?"ங்கற கேள்விதான் முதல்ல.

9/
சரி, "மலை சைக்கிள்" எங்க பொறந்துச்சு?

அமெரிக்காவுல, கலிபோர்னியா மாநிலம், மரின் கவுண்டி. அங்க டமால்பயஸ்னு ஒரு மலை. பேரைக் கேட்டா நம்ம பக்கத்து ஊர் மாதிரி இருக்கும். ஒரு சம்பந்தமும் இல்லை, நானும் தேடிப் பார்த்துட்டேன்.

எழுபதுகள்ல அங்க இருந்த இளைஞர்கள் பழைய சைக்கிளை மலை மேல ஏத்திக்கிட்டுப் போய் மண் பாதையில சறுக்கிக்கிட்டு வருவாங்க.

10/
கவனிங்க, புது சைக்கிள் இல்லை. முப்பது, நாற்பதுகள்ல வந்த பழைய கனமான சைக்கிள். குறிப்பா ஷ்வின் கம்பெனியோட எக்ஸெல்சியர்.

ஏன் அது? 1933-ல ஷ்வின் "பலூன் டயர்"னு தடியான டயரைக் கொண்டு வந்தது. அகலம் 2 அங்குலத்துக்கு மேல. பேப்பர் போடற பசங்க மூட்டையோட நடைமேடை விளிம்புல ஏத்தி இறக்கினாலும் தாங்கும். மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள் மலையில உடைஞ்சிடும். இது உடையல.

அதாவது மலை சைக்கிளோட முதல் உறுப்பு ஷாக் இல்லை, கியர் இல்லை. டயர்.

11/
இங்க ஒரு மருத்துவரை நினைச்சுக்கணும். ஆனா மனுஷ மருத்துவர் இல்லை.

ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரத்து கால்நடை மருத்துவர். 1887-ல தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக ரப்பர் குழாய்ல காத்தடிச்சு மாட்டினார். அடுத்த வருஷம் காப்புரிமை. அதுக்கு முன்னாடி திட ரப்பர் டயர், அதுக்கும் முன்னாடி இரும்புப் பட்டை. முதுகெலும்பு என்ன பாடுபட்டிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

காத்துதான் உலகத்தோட முதல் நல்ல ஷாக் அப்சார்பர். இன்னிக்கும் மலிவானதும் அதுதான்.

12/
மரின் பசங்க கதைக்கு வருவோம். 1976 அக்டோபர் 21. ஃபேர்ஃபாக்ஸ் ஊர் பக்கத்துல ஒரு மண் பாதையில முதல் இறக்கப் போட்டி. சுமார் மூணேகால் கிலோமீட்டர் தூரத்துல 400 மீட்டர் கீழே இறங்கணும். நம்ம பரங்கிமலை சுமார் 300 அடி. அது மாதிரி நாலு மலையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இறங்கற மாதிரி.

அந்தப் பாதைக்குப் பேர் "ரீபேக்". ஏன் அந்தப் பேர்?

13/
அந்த சைக்கிள்ல பின் சக்கரத்துல மட்டும்தான் பிரேக். பெடலைப் பின்னாடி மிதிச்சா ஹப்புக்கு உள்ளே பிடிக்கும். ஒரு தடவை கீழே வர்றதுக்குள்ள ஹப் சூடாகி உள்ளே இருக்கற கிரீஸ் ஆவியா போயிடும். கீழே வந்ததும் ஹப்பைக் கழட்டி மறுபடி கிரீஸ் அடைக்கணும். மறுபடி அடைக்கறதுதான் "ரீபேக்".

ஒரு பாதைக்கே பிரேக் கோளாறு பேரா நிலைச்சிடுச்சு. இந்த விளையாட்டோட முதல் பிரச்சினை பிரேக்தான்.

14/
இதைப் படிச்சப்போ என் மணிக்கட்டு ஞாபகம் வந்துச்சு.

வண்டலூர் தாண்டி ஒரு மண் இறக்கம். பெரிய இறக்கமெல்லாம் இல்லை, ஸ்கூல் பையன் இறங்குவான். என் ரெண்டு ஷாக் சைக்கிள்ல நானும் இறங்கினேன். பாதி வழியில பிரேக் லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டிக்கிச்சு. டிஸ்க் இருக்கு, பிடிக்கல. கம்பி இழுத்துப் பிடிக்கற மலிவான டிஸ்க். கம்பி தளர்ந்திருந்துச்சு, காலிப்பர் அசைஞ்சிருந்துச்சு. வாங்கின நாள்ல இருந்து யாரும் அதைச் சரி பார்க்கல, நான் உட்பட.

15/
விழும்போது எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். கையை நீட்டினேன்.

நீட்டின கையில விழுந்தா மூணு இடம் உடையும்: மணிக்கட்டுக்கு மேல ரேடியஸ் எலும்பு, மணிக்கட்டுக்குள்ள ஸ்கேஃபாய்டுன்னு ஒரு குட்டி எலும்பு, இல்லைன்னா காறை எலும்பு. எனக்கு ரேடியஸ். வலது கை. ஆறு வாரம் நோயாளியோட வயித்தைத் தொட்டுப் பார்க்க முடியல, பேனா பிடிக்க முடியல.

தலை தப்பிச்சதுக்குக் காரணம் ஹெல்மெட். அது மேல ஒரு விரிசல். அந்த ஹெல்மெட்டை இன்னும் அலமாரியில வெச்சிருக்கேன்.

16/
அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

"இறக்கத்துல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போக மாட்டியாப்பா?"

அவர் ராடு பிரேக் சைக்கிள்ல இருபத்தஞ்சு வருஷம் மண் ரோட்டுல போனவர். ஒரு தடவை கூட எலும்பு உடையல. பிரேக் மோசம்னு அவருக்குத் தெரியும். அதனால நம்பல. எனக்கு டிஸ்க்னு ஸ்டிக்கர் இருந்துச்சு, நம்பிட்டேன்.

17/
வரலாறு தொடருது. 1974 கடைசியிலயே குப்பர்டினோ பக்கத்துல இருந்து சில பேர் இந்த மாதிரி பழைய சைக்கிள்ல கியரும் டிரம் பிரேக்கும் மாட்டி மரின்ல ஒரு போட்டிக்கு வந்திருந்தாங்க. மரின் ஆட்கள் அதைக் கண்ணால பார்த்தாங்க. கேரி ஃபிஷர் மாதிரி ஆட்கள் தங்கள் சைக்கிள்லயும் கியர், டிரம் பிரேக், கட்டை விரலால் மாத்தற லிவர்னு மாட்ட ஆரம்பிச்சாங்க.

காரணம் சிம்பிள். இதுவரைக்கும் மேலே போக லாரியில ஏத்தினாங்க, இல்லை தள்ளினாங்க. கியர் வந்தா மிதிச்சே ஏறலாம்.

18/
கியரைப் பத்தி ஒரு சுவையான தகவல். சைக்கிளுக்கு கியர் மாத்தற கருவி இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே பிரான்சுல இருந்துச்சு. ஆனா டூர் டி பிரான்ஸ் போட்டியில 1937 வரைக்கும் அனுமதிக்கல. கியர் போட்டு ஏறறது ஆம்பளைத்தனம் இல்லைங்கற மாதிரி ஒரு எண்ணம்.

இன்னிக்கும் முழங்கால் வலியோட வர்ற சிலர் பெருமையா சொல்வாங்க: "நான் எப்பவும் ஹை கியர்ல தான் சார் மிதிப்பேன்." அதான் வலிக்குது! லேசான கியர், வேகமான மிதி. முழங்கால் உங்களை வாழ்த்தும்.

19/
அதே 1937-ல நம்ம தாம்பரத்துல ரெண்டு விஷயம் நடந்துச்சு.

மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன்ல இருந்து தாம்பரத்துக்கு மாறிச்சு. 365 ஏக்கர் புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்க மரம் நட்டு வளர்த்தார். இன்னிக்கும் அந்தப் பச்சை அங்க இருக்கு.

இன்னொண்ணு, டாக்டர் சௌரிமுத்து 1928-ல தாம்பரத்துல ஆரம்பிச்ச காசநோய் சானடோரியத்தை அரசு ஏத்துக்கிட்டது. ரயில்வே ஸ்டேஷன் பேரே "தாம்பரம் சானடோரியம்".

20/
ஏன் தாம்பரம்? காத்து. அப்போ காசநோய்க்கு மருந்து இல்லை. திறந்த வெளி, சுத்தமான காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு. இதுதான் சிகிச்சை. நகரத்துல இருந்து காத்துக்காக மனுஷங்க தாம்பரத்துக்கு வந்தாங்க.

பிறகு மருந்துகள் வந்தது. வீட்டுலயே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியம் அளவுக்குக் குணமாகும்னு 1959-ல உலகத்துக்குச் சொன்னதும் நம்ம சென்னை ஆய்வுதான்.

இப்போ அதே தாம்பரத்துக்காரங்க சர்க்கரை, பிரஷரோட வர்றாங்க. மருந்து இருக்கு. ஆனா வெளியே போய் உடம்பை அசைக்கறதுக்கு மாத்திரை இன்னும் வரல.

21/
மறுபடி கலிபோர்னியா. 1977-ல ஜோ பிரீஸ்ங்கறவர் பழைய சைக்கிளை ஒட்டுப் போடறதை விட்டுட்டு மலைக்குன்னே புதுசா ஃபிரேம் செஞ்சார். 1979-ல கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் "மவுன்டன்பைக்ஸ்"னே பேர் வெச்சு கம்பெனி ஆரம்பிச்சாங்க. ஃபிரேம் செஞ்சு கொடுத்தவர் டாம் ரிச்சி. கையால செஞ்சது, விலை எக்கச்சக்கம்.

1981-ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஜப்பான்ல செய்ய வெச்சு ஸ்டம்ப்ஜம்பர்னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. அப்போதான் சாதாரண ஆளும் கடையில போய் வாங்க முடிஞ்சுது.

22/
இதுவரைக்கும் ஷாக்னு ஒரு வார்த்தை வந்துச்சா? வரல!

முதல் 13, 14 வருஷம் மலை சைக்கிளுக்கு ஷாக்கே கிடையாது. 1990 வாக்குலதான் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியோட முன்பக்க ஷாக் ஃபோர்க் கடைக்கு வந்தது. அதே 1990-ல டுராங்கோ நகரத்துல முதல் உலக சாம்பியன்ஷிப். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல மலை சைக்கிள் நுழைஞ்சது.

முன்னாடி மட்டும் ஷாக், பின்னாடி கட்டி ஃபிரேம். இதுக்குப் பேர்தான் "ஹார்ட்டெயில்". அதாவது வால் கெட்டி.

23/
இப்போ வரிசையைப் பாருங்க.

டயர். பிறகு பிரேக். பிறகு கியர். பிறகு மலைக்கான ஃபிரேம். கடைசியா முன் ஷாக். அதுக்கும் பிறகுதான் பின் ஷாக் பரவலாச்சு.

கடையில மலிவான "எம்டிபி" விக்கறவங்க இந்த வரிசையைத் தலைகீழா திருப்பிட்டாங்க. பார்வைக்குத் தெரியற ஷாக் முதல்ல. பிரேக் கடைசியில. நான் மணிக்கட்டால கட்டணம் கட்டி கத்துக்கிட்ட பாடம் இதுதான்.

24/
நம்ம ஊர்ல இது எப்படி நடந்துச்சுன்னா, தொண்ணூறுகள்ல நேர் ஹேண்டில்பாரும் குமிழ் டயரும் வெச்ச சைக்கிள் வந்தப்போ "எம்டிபி" ஒரு மாடல் பேராவே ஆயிடுச்சு. ஹெர்குலிஸ் எம்டிபி, ஹீரோ ரேஞ்சர். பெரும்பாலும் கியர் கூட இருக்காது. ஆனாலும் குறை சொல்ல மாட்டேன், உழைச்ச சைக்கிள்கள். எங்க கிளாஸ்ல ரேஞ்சர் வெச்சிருந்தவன் ராஜா.

ஆனா அன்னில இருந்து "எம்டிபி"ங்கறது நமக்கு ஒரு தோற்றம். எந்தப் பாதைக்குங்கற கேள்வியே வர்றதில்லை.

25/
சரி, நம்ம பாதை எது?

தாம்பரத்தைச் சுத்தி மலை கிடையாது, கல் குன்று உண்டு. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் எல்லாம் சார்னோகைட்னு ஒரு பழமையான கடினப் பாறை. 1893-ல தாமஸ் ஹாலந்து அந்தப் பேரை வெச்சார். கொல்கத்தாவுல ஜாப் சார்னாக் கல்லறை மேல இருக்கற கல் இங்கிருந்து போனதுன்னு கண்டதால அந்தப் பேர்.

அதே பல்லாவரத்துல 1863 மே 30-ல ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கால மனிதனோட கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்திய தொல்லியலோட ஒரு தொடக்கப் புள்ளி நம்ம ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்துல இருக்கு!

26/
அந்தப் பாறைதான் இன்னிக்கு ஜல்லியா நம்ம பாதையில கிடக்கு. அதோட செம்மண் சரளை, ஏரிக்கரை களிமண், கடற்கரைப் பக்கம் மணல். பத்து, இருபது மீட்டர் ஏத்த இறக்கம். எல்லாத்துக்கும் மேல முள். சீமைக்கருவேல முள், நெருஞ்சி முள்.

இதுக்குப் பின் ஷாக் தேவையா? இல்லை. நல்ல டயர், நம்பகமான பிரேக், லேசான கியர், முன்னாடி ஒரு சாதாரண 100 மில்லிமீட்டர் ஷாக். தாராளம்.

27/
இப்போ தம்பிக்கான மருந்துச் சீட்டு. வரலாறு சொன்ன வரிசையிலேயே எழுதறேன்.

டயர்: 2.1-ல இருந்து 2.25 அங்குலம் அகலம். வீல் 27.5 அல்லது 29, உங்க உயரத்துக்கு எது பொருந்துதோ அது. காத்தை ரோட்டு சைக்கிள் மாதிரி கல்லா அடிக்காதீங்க. டியூப் இருக்கற டயருக்கு 30-35 பி.எஸ்.ஐ. பக்கம் ஆரம்பிச்சு, உங்க எடைக்கு ஏத்த மாதிரி மாத்திப் பாருங்க. ரொம்பக் குறைச்சா கல்லுல இடிச்சு டியூப் ரெண்டு ஓட்டையாகும்.

28/
பிரேக்: முடிஞ்சா ஆயில்ல வேலை செய்யற ஹைட்ராலிக் டிஸ்க். ஒரு விரல்ல நிக்கும். பட்ஜெட் இல்லைன்னா நல்ல கம்பெனி கம்பி டிஸ்க். ஆனா மாசம் ஒரு தடவை கம்பியை இழுத்து முறுக்கணும். பேர் தெரியாத டிஸ்க்கை விட நல்ல ரிம் பிரேக் மேல்.

கடையிலேயே டெஸ்ட்: சைக்கிளை நிறுத்தி முன் பிரேக்கைப் பிடிச்சு முன்னாடி தள்ளுங்க. பின் சக்கரம் தூக்கணும். லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டா வாங்காதீங்க, இல்லைன்னா சரி செஞ்ச பிறகு வாங்குங்க.

29/
கியர்: "21", "24"ங்கற எண்ணுக்கு மயங்காதீங்க. 21-ங்கறது முன்னாடி 3, பின்னாடி 7. பாதி கியர் ஒண்ணை ஒண்ணு மாதிரியே இருக்கும். முன்னாடி ஒண்ணோ ரெண்டோ பல்சக்கரம், பின்னாடி 8 அல்லது 9 இருந்தா புதுசா ஓட்டறவங்களுக்கு நிம்மதி. பின்னாடி இருக்கற மிகப் பெரிய பல்சக்கரம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு சுலபமா ஏறலாம்.

ஷாக்: முன்னாடி மட்டும். தேவையில்லாதப்போ பூட்டி வெக்கற வசதி இருந்தா நல்லது. மலிவான ரெட்டை ஷாக் வேண்டாம். எடை கூடும், மிதிக்கற பலத்தைத் தின்னும், சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும்.

30/
அளவு: ஃபிரேம் சைஸ்தான் பலர் கோட்டை விடற இடம். பார் மேல ரெண்டு காலையும் ஊன்றி நின்னா, தொடைக்கும் பாருக்கும் நடுவுல ரெண்டு மூணு அங்குல இடைவெளி வேணும். மண் பாதையில திடீர்னு குதிக்க வேண்டி வரும்.

சீட் உயரம்: குதிகாலைப் பெடல்ல வெச்சா கீழ் நிலையில கால் நேரா நிக்கணும். பிறகு முன்பாதத்தால மிதிக்கும்போது முழங்கால் லேசா மடங்கும். சீட் தாழ்வா வெச்சு ஓட்டினா முழங்கால் முன்பக்கம் வலிக்கும்.

உள்ளங்கை ஓரமும் சுண்டு விரலும் மரத்துப்போனா அங்க நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம். பிடியை மாத்துங்க, கிளவுஸ் போடுங்க.

31/
ஹெல்மெட், பம்ப், ஒரு ஸ்பேர் டியூப், பஞ்சர் ஒட்டற சாமான், முன்-பின் லைட். இதுக்குப் பணத்தை முதல்லயே ஒதுக்கிட்டு, மீதியில சைக்கிள் வாங்குங்க. சைக்கிள் வாங்கிட்டு மீதியில ஹெல்மெட் வாங்கலாம்னா அந்த மீதி வராது.

வாங்கின ஒரு மாசத்துல கம்பி தளரும், ஸ்போக்ஸ் தளரும். கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச ஒரு பழைய மெக்கானிக் அண்ணனைப் பிடிச்சு வெச்சுக்கோங்க. அவர் கை பத்து ஸ்டிக்கருக்குச் சமம்.

32/
எங்க ஓட்டறது? முதல் மாசம் ஆள் நடமாட்டம் இருக்கற ஏரிக்கரையும் ஊர் மண் ரோடும் போதும். வண்டலூர் உயிரியல் பூங்காவுல வாடகை சைக்கிள் உண்டு. வாங்கறதுக்கு முன்னாடி அங்க ஒரு மணி நேரம் ஓட்டி, உடம்பு என்ன சொல்லுதுன்னு பாருங்க.

நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகளுக்குள்ள அனுமதியில்லாம போகாதீங்க. அது குற்றம். 1882 வனச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. நன்மங்கலத்துல கூடு கட்டற கொம்பன் ஆந்தைக்கு உங்க டயர் சத்தம் தேவையில்லை.

கைவிட்ட கல்குவாரி விளிம்பு வேண்டவே வேண்டாம். வருஷா வருஷம் அந்தத் தண்ணி உயிர் வாங்குது.

33/
மருத்துவரா சில வார்த்தை.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க வெறும் வயித்துல ஓட்டக் கூடாது. பாக்கெட்ல குளுக்கோஸ் கண்டிப்பா. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தா உடனே நிறுத்திச் சாப்பிடுங்க.

கண்ணுல விழித்திரை பாதிப்பு இருக்கறவங்க, நெஞ்சு வலி உள்ளவங்க டாக்டரைப் பார்த்த பிறகுதான் ஆரம்பிக்கணும்.

வாரம் 150 நிமிஷம் மிதமான பயிற்சி. ஓட்டும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. மண்ணுல விழுந்து காயமானா சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவுங்க, டெட்டனஸ் ஊசி எப்போ போட்டதுன்னு பாருங்க.

34/
அந்தத் தம்பிக்கு இதோட சுருக்கத்தைச் சொன்னேன். சிவப்பு சைக்கிளை விட்டுட்டார். ரெண்டு மூணு கடை ஏறி இறங்கி, பார்க்க ஒண்ணும் விசேஷமில்லாத சாம்பல் கலர் ஹார்ட்டெயில் ஒண்ணு எடுத்தார். பிரேக் டெஸ்ட் செஞ்சப்போ கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாராம். "பார்க்கட்டும் டாக்டர்"னு சிரிச்சார்.

போன ஞாயிறு காலையில ஒரு போட்டோ அனுப்பினார். ஏரிக்கரையில சைக்கிள் தலைகீழா நிக்குது. டயர்ல ஒரு கருவேல முள். பக்கத்துல அவர் பொண்ணு டியூபைத் தண்ணியில முக்கி குமிழி தேடுது.

35/
அந்தப் போட்டோவை அப்பாவுக்குக் காட்டினேன். அவருக்கு இப்போ எண்பதைத் தொடப் போகுது. கண்ணாடியை ஏத்திப் பார்த்துட்டுச் சொன்னார்:

"ஒட்டறதுக்கு முன்னாடி டயருக்குள்ள கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லு. இன்னொரு முள் இருக்கும்."

தம்பிக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு. இருந்துச்சாம்.

36/
சர்க்கரை குறையுதான்னு மூணு மாசம் கழிச்சு ரத்தம் சொல்லும். இப்போதைக்கு வாரம் நாலு நாள் காலையில எழுந்துக்கறார். அது போதும் ஆரம்பத்துக்கு.

பால்கனியில துணி காயப் போட்டு வெச்சிருக்கற சைக்கிள் உங்க வீட்டுலயும் இருக்கா? இன்னிக்கு அதோட பிரேக்கை ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா முதல்ல மெக்கானிக்கிட்ட. பிறகு மண் ரோட்டுக்கு. பெரிய இறக்கம் வந்தா வெட்கப்படாம இறங்கித் தள்ளுங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓபி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.